படி வெட்டாத பள்ளம்

காரைக்கால் மண்ணில் கல் கிடையாது. சிவலோகநாதர் கோயில் இருக்கும் தலத்தெருவில் எந்த மூலையில் ஆழ்துளை போட்டாலும் வருவது களி, அதன் கீழ் மணல், மறுபடியும் களி. அரசலாறும் நூலாறும் வாஞ்சியாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்த நிலம். அடிப்பாறை ஆயிரக்கணக்கான அடி படிவுகளுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. அதனால் இங்கே வீட்டுத் தளத்துக்குக் கலக்கும் முக்கால் அங்குல ஜல்லியும், சாலைக்குப் பரப்பும் ஒன்றரை ஜல்லியும், கடலோரத்தில் அடுக்கும் பாறாங்கற்களும் மேற்கே பாறை மேலெழுந்து நிற்கும் மாவட்டங்களில் வெட்டப்பட்டு லாரி ஏறி வந்தவை. இப்போது ஆற்று மணலுக்குப் பதிலாக வாங்கும் எம்-சாண்டும் அதே கல்லை நொறுக்கியதுதான். டெல்டாவில் கட்டும் ஒவ்வொரு கான்கிரீட் வீட்டுக்கும் ஈடாக எங்கோ ஒரு பள்ளம் ஆழமாகிறது. அந்தப் பள்ளத்தை இங்கே பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குள் இறங்கி வேலை செய்பவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. கல் வாங்கும் ஊர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022 மே 14. திருநெல்வேலி மாவட்டம், முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம். ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள கல் குவாரியின் அடியில் இரவு நேரத்தில் ஹிட்டாச்சி இயந்திரங்கள் கல்லை அள்ளி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தன. மேலிருந்து பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள். உயிரோடு மீண்டவர்கள் இரண்டு பேர். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. ஆனால் சரிந்த இடத்துக்கு மேலே இன்னும் பாறைகள் தொங்கிக்கொண்டிருந்தன, அவ்வப்போது விழவும் செய்தன. கீழே இறங்கினால் மீட்பவர்களும் சாவார்கள் என்ற நிலை. கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்று ஆண்டு கழித்து, 2025 மே 20 அன்று, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையில் அதே கதை. வெடி வைக்கக் குழி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்களின் உயிர் போனது.

இரண்டு இடத்திலும் கொன்றது பாறைதான். ஆனால் அந்தப் பாறையை விழும்படி வைத்தது பள்ளத்தின் வடிவம். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

திறந்தவெளிச் சுரங்கத்தைச் செங்குத்துக் கிணறுபோல வெட்டக்கூடாது என்பது உலகம் முழுவதும் ஏற்ற விதி. படிப்படியாக வெட்ட வேண்டும். குவாரியில் இதை ‘பெஞ்ச்’ என்பார்கள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளின் 106ஆம் விதி இதைப் பேசுகிறது. நம் குவாரிகளின் சுரங்கத் திட்ட அறிக்கைகள் அந்த விதியைச் சொல்லியே எழுதப்படுகின்றன: கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, படியின் அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது, படிச் சுவரின் சாய்வு 60 பாகைக்கு மேல் போகக் கூடாது. ஆறு மீட்டர் இறங்கினால் ஆறு மீட்டர் உள்ளே ஒதுங்க வேண்டும். மேல் படியில் கழன்ற கல் அடுத்த படியில் விழுந்து அங்கேயே தங்கிவிடும். கீழே நிற்பவன் தலைக்கு வராது. படி செய்யும் வேலை இவ்வளவுதான், ஆனால் அதைச் செய்ய வேறு எதுவும் கிடையாது.

இனி ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். விதிப்படி படி விட்டுக்கொண்டே இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து 12 மீட்டர் அகலம் குறையும். 100, 88, 76, 64 என்று சுருங்கி, எட்டாவது படியில் பள்ளத்தின் அகலம் 16 மீட்டர் ஆகிவிடும். அதற்குக் கீழே லாரி திரும்ப இடமில்லை. ஆழம் 48 மீட்டர், அதாவது ஏறத்தாழ 157 அடி. அந்த நிலத்தில் நேர்மையாகப் போகக்கூடிய எல்லை அது. படிச் சுவர்களைச் செங்குத்தாக வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் கல் சுமார் 1,98,000 கனமீட்டர். சுவரைச் சாய்த்தால் இன்னும் குறையும்.

அதே நிலத்தை, அதே 48 மீட்டர் ஆழத்துக்கு, படியே விடாமல் நேராக வெட்டினால்? 4,80,000 கனமீட்டர். பாதிக்கு மேற்பட்ட கல் படிகளிலேயே நின்றுவிடுகிறது என்று பொருள். வித்தியாசம் 2,82,000 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கருங்கல் 2.7 டன் எடை என்றால் ஏழரை லட்சம் டன்னுக்கு மேல். 20 டன் ஏற்றும் டிப்பருக்கு 38,000 நடை. கையெட்டும் தூரத்தில், குத்தகை எல்லைக்குள்ளேயே நிற்கும் கல் அது. வெளியே புது நிலம் தேட வேண்டாம், மேல்மண் நீக்க வேண்டாம், புதிதாக அனுமதிக்கு அலைய வேண்டாம். படியை விழுங்கினால் போதும். குவாரிகளில் படி காணாமல் போவதற்கு அறியாமை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கணக்கைக் குத்தகைதாரர் எவரும் மனத்திலேயே போட்டுவிடுவார்.

திருப்பியும் கேட்டுப் பார்க்கலாம். 300 அடி, அதாவது 91 மீட்டர் ஆழம் போக வேண்டுமானால் 15 படி வேண்டும். அடியில் இயந்திரம் நின்று வேலை செய்ய 30 மீட்டர் இடமாவது வேண்டும். அப்படியானால் மேலே பள்ளத்தின் வாய் 200 மீட்டருக்கு 200 மீட்டர் இருக்க வேண்டும், பத்து ஏக்கர். ஆகவே ஒரு குவாரியின் விளிம்பில் நின்று பார்க்கும் எவரும் பொறியாளர் துணையில்லாமலேயே ஒரு முடிவுக்கு வரலாம். வாய் சிறியது, ஆழம் பெரியது என்றால் நடுவில் படிகள் இல்லை.

பாதை விஷயத்திலும் இதே கணக்கு வருகிறது. சுரங்கத்துக்குள் லாரிப் பாதை 16 அடி போனால் ஓரடி இறங்கலாம் என்பது பொதுவான அளவு. 300 அடி இறங்க 4,800 அடி நீளப் பாதை தேவை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். படி இருந்தால் அந்தப் படிகளின் மீதே பாதை சுற்றிச் சுற்றி இறங்கும். படி இல்லாத குறுகிய பள்ளத்தில் பாதை செங்குத்தாகத்தான் இறங்க முடியும். பாரம் ஏற்றிய வண்டி ஏறும்போது திணறும், இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். டிப்பர் கவிழ்ந்தது என்று வரும் செய்தி வேறொரு வகை விபத்துபோலத் தெரிந்தாலும் வேர் அதே பள்ளத்தின் வடிவத்தில் இருக்கலாம்.

சரி, நேராக வெட்டிய கருங்கல் சுவர் ஏன் விழ வேண்டும்? கருங்கல்லின் வலிமை கான்கிரீட்டைவிடப் பல மடங்கு. விரிசலே இல்லாத ஒரே கல்லாக இருந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்தாக நிற்கும். ஆனால் தமிழ்நாட்டின் சார்னோகைட், நைஸ் பாறைகள் பல கோடி ஆண்டு வயதானவை. அத்தனை காலத்தில் மலைகள் எழுந்தன, தேய்ந்தன, நிலத்தட்டுகள் இழுபட்டன. ஒவ்வொரு முறையும் பாறை வெடித்துத் தன்னுள் பிளவுத்தளங்களை வாங்கிக்கொண்டது. ஆழத்தில் அழுத்திக் கிடந்த பாறை, மேலேயிருந்த சுமை போனதும் விரிந்து, நிலப்பரப்புக்கு இணையாகவும் ஏடு ஏடாகப் பிரிகிறது. எனவே குவாரிச் சுவர் என்பது ஒட்டாமல் அடுக்கிய பெரிய கற்களின் குவியல். அந்தக் கற்கள் நகராமல் இருப்பதற்கு உராய்வு ஒரு காரணம், பக்கத்துக் கல் தடுத்து நிற்பது இன்னொரு காரணம். பிளவுத்தளம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்து, அதன் கால்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால், மேலே இருக்கும் கல்லைத் தாங்க உராய்வு மட்டுமே மிஞ்சும்.

அந்த உராய்வைக் குறைக்க மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

முதலாவது வெடி. வெடிமருந்தின் ஆற்றல் முன்பக்கக் கல்லை மட்டும் உடைத்துவிட்டு நின்றுவிடுவதில்லை. துளை வரிசைக்குப் பின்னாலும் சில மீட்டர் தூரம் பாறைக்குள் விரிசல் ஓடும். இன்று உடைத்த இடத்தில் கிடைத்த ஜல்லி நாளை விற்றுவிடும். பின்னால் நின்ற சுவருக்குள் விழுந்த காயம் அங்கேயே இருக்கும், அடுத்த வெடிக்கும் அதற்கடுத்த வெடிக்கும் அதிர்ந்துகொண்டு. கடைசி வரிசையில் மருந்தைக் குறைத்து, துளைகளை நெருக்கமாகப் போட்டு, சுவரைக் காப்பாற்றும் முறை உண்டு. அதற்குத் துளைக் கூலியும் நேரமும் கூடும்.

இரண்டாவது தண்ணீர். இது வியப்பானது. ஒரு சுவருக்குப் பின்னால் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல், அகலம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து அது நிரம்புகிறது. சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்த விரிசலுக்குள் இருக்கும் தண்ணீர் வெறும் நூறு லிட்டர், ஏழெட்டுக் குடம். ஆனால் தண்ணீரின் அழுத்தம் அதன் அளவைப் பொறுத்தது இல்லை, உயரத்தைப் பொறுத்தது. விரிசலின் அடியில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம் இருக்கும். மேலிருந்து கீழ்வரை கூட்டினால், அந்த ஏழெட்டுக் குடம் தண்ணீர் சுவரைப் பள்ளத்தை நோக்கி 50 டன் விசையோடு தள்ளுகிறது. விரிசல் இருபது மீட்டர் ஆழம் என்றால் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்: 200 டன். படி ஏன் ஆறு மீட்டரோடு நிற்க வேண்டும் என்பதற்கு இந்த இருமடிக் கணக்கும் ஒரு பதில். ஆறு மீட்டர் விரிசல் நிரம்பினால் 18 டன்தான்.

தண்ணீரின் இந்தக் குணத்தைப் பெரிய அளவில் பார்க்க விரும்புபவர்கள் காரைக்காலிலிருந்து வடக்கே நெய்வேலிக்குப் போகலாம். 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர்த்தாங்கி ஒன்று, ஒரு சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன் விசையில் மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. மேலே மண்ணின் எடை இருக்கும்வரை சமநிலை. மண்ணை அகற்றினால் பள்ளத்தின் தரையே பிளந்துகொண்டு கிளம்பும். அதனால் அங்கே கரி வெட்டும் முன்னே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தை இறக்குகிறார்கள். அந்த நீர்மட்டச் சரிவு சுற்றுப்புற விவசாயத்தை என்ன செய்கிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பெரிய வழக்கு. இங்கே சொல்ல வருவது வேறு: கண்ணுக்குத் தெரியாத நீரைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டால்தான் பள்ளம் நிற்கும் என்பது இந்த மண்ணில் அறுபது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம்.

மூன்றாவது வெயில். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பாறைச் சுவரிலிருந்து ஏடாகப் பிரிந்து நின்ற ஒரு கல்லில் ஆய்வாளர்கள் அளவுக் கருவிகளைப் பொருத்தி, 2010 முதல் 2013 வரை கவனித்தார்கள். கல்லின் உயரம் 19 மீட்டர், தடிமன் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். பகல் வெயிலில் விரிந்து சுவரைவிட்டு விலகியது, இரவில் சுருங்கி நெருங்கியது. ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர்வரை அசைவு. இப்படி ஆயிரம் முறை அசைந்தால் பிளவின் நுனி மெல்ல மெல்ல உள்ளே ஏறும். மழையோ நிலநடுக்கமோ இல்லாத வெயில் நாட்களிலும் பாறை விழுவதற்கு இது ஒரு விளக்கம். திருநெல்வேலியிலும் சிவகங்கையிலும் மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விழும் கல்லிடம் தலைக்கவசத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் பார்த்துவிடலாம். ஐரோப்பியத் தர விதிப்படி தொழிற்சாலைத் தலைக்கவசத்தை 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிப்பார்கள், 49 ஜூல் ஆற்றல். 300 அடியிலிருந்து விழும் ஒரு கிலோ கல், கைக்குள் அடங்கும் கல், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் 890 ஜூலோடு வந்து சேரும். பதினெட்டு மடங்கு. விழ எடுக்கும் நேரம் நான்கு விநாடிக்குச் சற்று மேல். ஹிட்டாச்சி இரைச்சலில் அந்த நான்கு விநாடியும் கேட்காது. இயந்திரத்தின் கூண்டுக்குள் இருப்பவர் பத்திரமா? மேலிருந்து விழும் பொருளைத் தாங்கும் கனரக இயந்திரக் கூண்டுகளுக்கான சர்வதேசச் சோதனை 11,600 ஜூல். அதே உயரத்திலிருந்து ஒரு டன் பாறை விழுந்தால் ஆற்றல் எட்டரை லட்சம் ஜூலைத் தாண்டும். விபத்து நடந்ததும் ‘தொழிலாளர்கள் ஹெல்மெட் அணிந்திருந்தார்களா’ என்று கேட்கிறோம். சிறு கல்லுக்கும் வழுக்கி விழுவதற்கும் ஹெல்மெட் அவசியம், நிச்சயம் வேண்டும். ஆனால் படியில்லாத சுவருக்குக் கீழே நிற்பவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது பழியை அவன் தலையிலேயே வைப்பதாகும்.

பாறைச் சரிவுகளில் பெரியவை அநேகமாகச் சொல்லிக்கொண்டே வருகின்றன. மேல்விளிம்புக்குப் பின்னால் நிலத்தில் வளைகோடாக ஒரு விரிசல் தோன்றும். அது நாளுக்கு நாள் அகலும். சுவரிலிருந்து சிறு கற்கள் உதிரத் தொடங்கும். புதிதாக நீர் கசியும். 1985இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ, இந்த அகலும் வேகத்திலிருந்தே சரியும் நாளைக் கணிக்க எளிய வழி ஒன்றைச் சொன்னார். விரிசலின் இருபக்கமும் ஒரு கம்பி அடித்து, இடைவெளியைத் தினமும் அளக்கிறீர்கள். முதல் நாள் 2 மில்லிமீட்டர் அகன்றது, மறுநாள் 3, அடுத்த நாள் 6. எண்களாகப் பார்த்தால் சின்ன அசைவுதானே என்று தோன்றும். தலைகீழாக்கிப் பாருங்கள்: இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஒவ்வொரு நாளும் சரியாக ஆறில் ஒரு பங்கு குறைகிறது. நான்காம் நாள் சுழியம். வேகத்தின் தலைகீழ் சுழியத்தைத் தொடும் இடத்தில் சுவர் போய்விடும். உண்மையான சுவர் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது, கோடு வளையும், மழை குறுக்கிடும். ஆனாலும் இதே கொள்கையில்தான் இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் ரேடார்கள் சுரங்கச் சுவர்களை மில்லிமீட்டர் துல்லியத்தில் கண்காணிக்கின்றன.

அது வேலை செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்ஹாம் கான்யன் செம்புச் சுரங்கம் சாட்சி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழமுள்ள பள்ளம். 2013 தொடக்கத்திலேயே வடகிழக்குச் சுவர் அசைவது கருவிகளில் தெரிந்தது. வேகம் கூடக்கூட ஆட்களை விலக்கினார்கள். ஏப்ரல் 10 அன்று பள்ளத்தையே காலி செய்தார்கள். அன்றிரவு ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு சரிவுகள். சுமார் ஆறரைக் கோடி கனமீட்டர் பாறை இறங்கியது. அதன் அதிர்வில் 16 சிறு நிலநடுக்கங்கள் பதிவாயின. ஒருவருக்கும் காயமில்லை.

ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டத்தில் இருக்கும் ராஜ்மகல் நிலக்கரிச் சுரங்கத்தில், 2016 டிசம்பர் 29 மாலை, சுரங்கத்தின் மேல்மண் குவித்த பகுதி அடித்தரையோடு சேர்ந்து சரிந்தது. ஏறத்தாழ 95 லட்சம் கனமீட்டர். பிங்ஹாமில் விழுந்ததில் ஏழில் ஒரு பங்கு. இறந்தவர்கள் 23 பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. சரிவின் அளவுக்கும் சாவின் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. சுவர் விழும்போது அதன் கீழே ஆட்கள் இருந்தார்களா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. ரேடார் வாங்க முடியாத சிறு குவாரியில் விரிசலுக்கு இருபுறமும் கம்பி அடிக்கவும், ஒரு டேப்பால் அளக்கவும், மழைக்குப் பின் மேல்விளிம்பைச் சுற்றி நடந்து பார்க்கவும் முடியும். தளர்ந்த கல்லை நீண்ட கடப்பாரையால் மேலிருந்து தள்ளிவிட்ட பிறகே ஆட்களைக் கீழே இறக்கவும் முடியும். ஆனால் படி இருந்தால்தான் அந்தக் கல்லை எட்டவே முடியும்.

சுவர் மட்டுமே கொல்வதில்லை. 2024 மே 1, தொழிலாளர் தினத்தன்று, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூர் குவாரியில் வெடிமருந்தை வண்டியிலிருந்து கிடங்குக்கு இறக்கும்போது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வெடியைத் தூண்டும் கேப்பையும் மருந்தையும் ஒரே வண்டியில் ஒன்றாக வைக்கக் கூடாது, ஒரே அறையில் அடுக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தத் தொழிலின் பாலபாடம். சிறு அடியையும் உராய்வையும்கூடத் தாங்காத பொருள் கேப். இதில் விளக்கிச் சொல்ல அதிகமில்லை, கடைப்பிடிக்கத்தான் இருக்கிறது. பெரிய சுரங்கங்களில் டம்பர் வண்டிகள் இன்னொரு எமன். ஓட்டுநர் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் உட்காருகிறார். வண்டியின் முன்னாலும் வலப்பக்கமும் பின்னாலும் நிற்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அங்கே ஆள் நடக்கும் வழியையும் வண்டி போகும் வழியையும் பிரித்துவிடுவதுதான் தீர்வு. ஹாரன் தீர்வாகாது.

கணக்கில் வராத காயம் ஒன்று உண்டு, தூசி. கம்ப்ரசரில் ஓடும் துளைக் கருவியைப் பிடித்து நிற்பவர், கிரஷர் வாயில் நிற்பவர், எம்-சாண்ட் சலிப்பவர் எல்லோரும் மூச்சில் இழுப்பது கல் பொடி. கண்ணுக்குத் தெரியும் பொடியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். தெரியாத பொடி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு அளவுள்ளது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை உடலின் துப்புரவு செல்கள் விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் அவையே சாகின்றன. செத்த செல் கக்கிய படிகத்தை அடுத்த செல் விழுங்குகிறது. இந்த ஓயாத சண்டையில் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவதுதான் சிலிகோசிஸ். குவாரியை விட்டு வந்த பிறகும் நோய் வளரும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றும், பல நேரம் மருத்துவமனைச் சீட்டில் காசநோய் என்று மட்டுமே எழுதப்படும். இருபது வருடம் கழித்து ஊரில் இருமிக்கொண்டே சாகிறவரைக் குவாரி விபத்துப் பட்டியலில் யார் சேர்க்கிறார்கள்? துளை போடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே போய்விடும். ஒரு குழாயும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும்.

சட்டத்துக்கு வருவோம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சாதாரண மணல், களிமண், கட்டடக் கல் போன்றவற்றின் சிறு பள்ளங்களுக்குப் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அதற்கு மூன்று நிபந்தனை: ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. கல் குவாரி இந்த நிழலில் ஒதுங்க முடியாது, அங்கே வெடி இருக்கிறது. ஆனால் டெல்டாவின் சவுடு மண் பள்ளமும் செங்கல் சூளைக்குக் களி வெட்டும் குழியும் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். சுரங்க ஆய்வாளர் எட்டிப் பார்க்காத இடம் அது.

மண் பாறையைவிட நல்லவன் இல்லை. காரைக்கால் கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் செங்குத்தாகச் சுவர் கட்டுவார்கள், நிற்கும். வெயிலேறிக் காய்ந்தாலும் சரியும், அலை வந்து நனைத்தாலும் சரியும். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு நீர், தன் பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கிறது. நீர் முழுக்கப் போனாலும் அந்தப் பிடி விடும், நீர் முழுக்க நிரம்பினாலும் விடும். காய்ந்த மணல் முப்பது, முப்பத்தைந்து பாகைக்கு மேல் சாய்வாக நிற்காது. காலையில் வெட்டும்போது சுவர்போல நின்ற மண் மதியம் சரிவதற்கு இதுவே காரணம். வெட்டியவருக்கு ‘காலையிலேயே நின்றதே’ என்ற தைரியம் வந்துவிடுகிறது. சுரங்க ஒழுங்குவிதி மண்ணுக்குக் கல்லைவிடக் கடுமையாக இருப்பது அதனால்தான்: சாய்வு 45 பாகைக்கு மிகக் கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு ஒரு படி, அதே அளவு அகலம்.

ஈர மண் ஒரு கனமீட்டர் 1.8 டன் வரை எடை. நெஞ்சுவரை புதைந்த ஆளின் முகம் வெளியே இருந்தாலும் மூச்சு விட்டதும் மண் இறுகிக்கொள்ளும், அடுத்த மூச்சை இழுக்க விலா எலும்பு விரியாது. சில நிமிடங்களே இருக்கின்றன. பதற்றத்தில் ஜேசிபியால் தோண்டுவதும், கையைப் பிடித்து இழுப்பதும் ஆளை உயிரோடு வெளியே கொண்டுவராது. நெஞ்சைச் சுற்றியுள்ள மண்ணைக் கையாலும் சிறு மண்வெட்டியாலும் முதலில் விலக்கி, மேல்விளிம்பில் கூட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளிம்பில் நிற்கும் ஒவ்வொருவரும் சுவரின் மேல் ஏற்றிய சுமை.

தலத்தெருவில் இப்போது வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டி, அடித்தளம், குழாய் என்று பள்ளம் தோண்டாத மாதம் இல்லை. நிலத்தடி நீர்மட்டம் மேலாகவே இருக்கும் வண்டல் பூமி இது. தோண்டிய மண்ணை வசதிக்காக விளிம்பிலேயே கொட்டுவது இங்கே பழக்கம். அகழ்வு வேலைக்கான இந்தியத் தர விதி 3764, அந்த மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டச் சொல்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான நேர்ச்சுவர்ப் பள்ளத்துக்குப் பலகையும் முட்டுக்கழியும் கொடுக்க வேண்டும், ஆள் ஏறிவர ஏணி உள்ளேயே இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் பேசும்போது கொத்தனாரிடமோ மேஸ்திரியிடமோ பலகைக்கும் முட்டுக்கும் ஆகும் செலவைத் தனியாகக் கேட்டு, மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அந்த வரி இல்லாவிட்டால் அந்தச் செலவு குழிக்குள் இறங்குபவர் தலையில்தான் விழும்.